வெள்ளிக்கு எச்சில் இல்லை

தண்ணீர் வருகிற நாள்தான் எங்கள் காலனியில் கைக்குழந்தைகளுக்கு எண்ணெய்க் குளியல். செவ்வாய் வெள்ளி, நாள் நட்சத்திரம் எல்லாம் ஊரோடு போச்சு. பாலாநகர் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் குழாய் சொன்னதுதான் பஞ்சாங்கம். எண்பத்தைந்தாம் வருஷக் கோடையில் அந்தக் குழாயும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வாயைத் திறந்தது. முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு துருக் கலரில் ஒரு பக்கெட், அதற்கப்புறம்தான் தண்ணீர் என்று மரியாதையாகக் கூப்பிடக்கூடிய ஒன்று வரும். அதைக் குடத்தில், அண்டாவில், குக்கரில், ஏன், டிபன் காரியரில்கூடப் பிடித்து வைப்போம். ஒரு சொம்பு கீழே கொட்டிவிட்டால் மாமியார் செத்ததுக்கு வராத அழுகையெல்லாம் வரும்.

சங்கு ஊதி ஆண்கள் ஃபாக்டரிக்குள் போனதும் கல்பகம் மாமி டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் அவருக்கு எதிர்வீடு. மாமி கும்பகோணத்துக்காரர், அவர் வீட்டுக்காரர் சாம்பசிவம் ஃபாக்டரியில் அக்கவுண்ட்ஸ். இரண்டு பையன்கள். மாமி தமிழில் திட்டுவார், அதுகள் தெலுங்கில் பதில் சொல்லும். மாமி ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். ஆனால் யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நிற்கிற செருப்பு அவருடையதுதான். அதை மறுத்தால் என் வாய் அழுகிப்போகும்.

அந்த பிஸ்கட் டின்னுக்குள்தான் உரைமருந்துச் சாமான். கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, அரிசியோடு வேகவைத்துக் காயவைத்தது. விளக்கில் சுட்ட வசம்பு. ஒரு சின்ன உரைகல். சார்மினார் பக்கம் போனால் இதெல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். மாமிக்கு அது ஆகாது. கும்பகோணத்துச் சரக்குத்தான் சரக்கு. எங்கள் வரிசையில் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மாமிதான் வந்து குளிப்பாட்டி, தாய்ப்பாலில் ஒவ்வொன்றையும் ஓர் இழைப்பு இழைத்து, மூக்குவைத்த பாலாடையில் வழித்து, பிள்ளையை மடியில் மல்லாத்திப் புகட்டிவிட்டுப் போவார். நாக்கு நுனியில் வசனம் ஒன்று உண்டு: "குடிச்சுட்டியாடா படவா? இனிமே கல்லைத் தின்னாலும் கரையும்."

பிறகு அடுத்த வீடு. கல்லைத் தண்ணீர்விட்டு அலம்ப மாட்டார். அலம்பினால் சாரம் போய்விடுமாம். டின்னுக்குள்ளேயே ஒரு பழைய வேட்டித் துணி ஈரமாக மடித்துக் கிடக்கும், அதனால் ஒரு துடைப்பு. பாலாடைக்கும் அதே துணி. ஒரு தடவை நான், "மாமி, பாலாடையையாவது கழுவிக்கங்களேன், ஒவ்வொரு பிள்ளை வாயிலயும் வைக்கிறீங்க" என்றேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டி, இது எவர்சில்வரா? வெள்ளி! எங்காத்துல எனக்குச் சீரா வந்தது. வெள்ளிக்கு ஏதுடி எச்சில்? அலம்பறதுக்கு உங்காத்துத் தண்ணியைக் குடுக்கறயா?"

தண்ணீர் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கத்திலும் வெள்ளிக்கு எச்சில் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

சித்திரையில் கமலத்தின் குழந்தை இறந்துபோயிற்று.

கமலம் பவானிப் பக்கத்துப் பெண். வாயில்லாப் பூச்சி. கேட்டால்தான் பேசுவாள், அதையும் பாதியில் விழுங்கிவிடுவாள். புருஷன் ராமச்சந்திரன் மெஷின் ஷாப்பில் ஃபிட்டர். வேலையில் கெட்டிக்காரன், வீட்டில் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. அந்த அம்மா அன்னக்கிளி, பேரன் பிறந்ததும் ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். குழந்தை கொழுகொழுவென்று இருந்தான். திடீரென்று பச்சைத் தண்ணீராகப் போக ஆரம்பித்தான். தோஷம் என்றார்கள், தாயத்துக் கட்டினார்கள். மாமியும் போய் மாசிக்காயை இரண்டு இழைப்புக் கூடுதலாக இழைத்துக் கொடுத்தார். நிற்கவில்லை.

அப்போதுதான் அன்னக்கிளி அம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. கமலத்தின் பாலை ஒரு கிண்ணத்தில் பீய்ச்சச் சொல்லி, ஓர் எறும்பைப் பிடித்து அதில் விட்டார். எறும்பு செத்துப்போயிற்று. பாலில் விழுந்த எறும்பு சாகாமல் நீச்சலா அடிக்கும்? அந்த அம்மாள் கிண்ணத்தை வீடு வீடாகக் கொண்டுவந்து காட்டினார். "பாருங்கம்மிணி, பாலா இது? வெசம். வெசத்தக் குடுத்துக் குடுத்து எம் பேரனை இப்பிடிப் பண்ணீட்டா." நாங்களும் எட்டி எட்டிப் பார்த்தோம். அன்றோடு கமலம் பால் கொடுப்பது நின்றது. பேதி போகிற பிள்ளைக்குத் தண்ணீரும் ஆகாது என்று அதையும் நிறுத்தினார்கள். கமலத்துக்குப் பால் கட்டி மார் கல்லாகக் கனத்தது. குழந்தை அழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பால் தானாக ரவிக்கையை நனைத்தது. அப்புறம் குழந்தையின் சத்தமும் குறைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உச்சிக்குழி பள்ளமாகி, கண் சொருகிவிட்டது.

அதற்கப்புறம் கமலத்தைப் பார்க்கவே சகிக்காது. அழவில்லை அவள். சோறு வடிப்பாள், துணி துவைப்பாள், யாராவது கைக்குழந்தையோடு எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி ஒதுங்கி நிற்பாள், தன் காற்றுப் பட்டுவிடுமோ என்கிற மாதிரி. அவளை ஊரில் விட்டுவிட்டு வருவதென்று முடிவாகிவிட்டது. "ரத்தம் சுத்தமாகட்டும், வைத்தியம் பார்க்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பேச்சு. அப்புறம் பார்க்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று காலனியில் எல்லாருக்கும் தெரியும். அன்னக்கிளி அம்மாளின் தம்பி மகள் ஒருத்தி கல்யாணத்துக்குத் தயாராக ஊரில் இருந்தாள். வைகாசி கடைசிச் சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

இதற்கிடையில் விஜயகுமாரியின் பெண்குழந்தைக்குப் பேதி பிடித்தது.

விஜயகுமாரி என் பக்கத்து வீடு. குடியாத்தம். புருஷன் சந்திரமோகன் எலக்ட்ரிகல் செக்‌ஷன். நல்லநேரம் பார்த்தா நோய் வருகிறது? அன்று காலை பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா! அக்கா! இங்க வாயேன்!" என்று ஒரு கத்தல். போனால் தொட்டில் துணி முழுக்கப் பச்சை. குழந்தை முனகுகிறது, அழத் தெம்பில்லை.

"எத்தனை தடவை போச்சு?"

"எண்ணவா முடியுது? நிக்கவே மாட்டேங்குதுக்கா. பால வாயில வெச்சா கக்கிடுது. அந்தக் கமலம் நேத்து தண்ணி புடிக்கறப்ப கொயந்தைய ஒரு பார்வ பாத்துச்சி..."

"சீ, வாயைக் கழுவு" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அவளே பாதி உயிரா இருக்கா. அவ பார்த்துத்தான் உன் பிள்ளைக்கு ஆகணுமா?"

விஜயகுமாரி அழ ஆரம்பித்தாள். அதற்குள் கல்பகம் மாமி டின்னோடு வந்துவிட்டார். குழந்தையைத் தூக்கிப் பார்த்தவர் முகம் சட்டென்று மாறிற்று. உச்சந்தலையைத் தடவினார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின தோல் மடிப்பு அப்படியே நின்றது.

"இது மருந்துக்கு நிக்கறதா எனக்குத் தோணலை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. "அந்தக் கொழந்தைக்கும் இப்படித்தான் இருந்தது. விஜயா, பொடவையை மாத்து. ஆஸ்பத்திரி. ஆட்டோவைக் கூப்பிடுங்கோ."

காலனி வாசலில் அப்துல் ரஹீம் ஆட்டோ நிற்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. பேகம்பேட் ரோட்டில் தார் இளகி டயர் ஒட்டி ஒட்டிப் போயிற்று. விஜயகுமாரி வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். ரஹீம் திரும்பிப் பார்க்காமலே, "ரோ நக்கோ அம்மா, ரோ நக்கோ. அல்லா ஹை" என்று சொல்லிக்கொண்டே, எமன் துரத்துகிற மாதிரி ஓட்டினான். அழாதே, அல்லா இருக்கிறார் என்கிறான். மாமி மடியில் கூடை. கூடைக்குள் டின். டாக்டர் அந்தப்பக்கம் போனதும் ஓர் இழைப்பு இழைத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. மனுஷ மனசு அப்படித்தான்.

நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பேதி வார்டு என்று தனியாகவே ஒன்று. கோடை என்றால் கட்டில் போதாது, ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளை. நர்ஸ் வந்து, "பை பாலு இஸ்துன்னாராம்மா?" என்றாள். வெளிப்பால் கொடுக்கிறாயா என்று கேட்கிறாள்.

"லேது. தாய்ப்பால் மட்டும்தான்" என்றாள் விஜயகுமாரி.

"நீள்ளு? பிஸ்கட்? ஏமைனா?" தண்ணீர், பிஸ்கட், ஏதாவது கொடுத்தாயா என்கிறாள்.

"ஒண்ணும் இல்ல. எதுவும் குடுக்கல."

நர்ஸ் அதையே எழுதிக்கொண்டு போனாள். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் கிடைத்து சலைன் ஏற்றினார்கள். ஒரு பாட்டில் பாதி இறங்கியதும் குழந்தை கண்ணைத் திறந்து, எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. அந்தப் பிதுக்கலுக்கு மாமி திருப்பதிக்கு முடியிறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார், குழந்தையின் முடியை.

சாயங்கால வேளையில் லேபிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தாள். சின்னப் பெண்தான், வெள்ளைக் கோட்டு, தலையில் துப்பட்டா. பெயர் ஜுலைகா. பிள்ளைப் பேதியைப் பற்றித்தான் அவள் படிப்பே. எங்கள் பேச்சைக் கேட்டவுடன், "தமிழா? எந்த ஊரு நீங்க?" என்றாள்.

"குடியாத்தம்" என்றாள் விஜயகுமாரி.

"அட, நான் பேரணாம்பட்டு!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்நிய ஊரில் பக்கத்து ஊர்க்காரி கிடைத்தால் பாதி நோய் போய்விடும். "பாலாநகர் குவார்ட்டர்ஸ்லருந்தா வரீங்க? போன மாசம் அங்கிருந்து ரெண்டு கொழந்தை இதே மாதிரி வந்துச்சு. ரெண்டும் தமிழ்க் குடும்பம். அதே லைன்ல தெலுங்குக்காரங்க இருக்காங்க, மலையாளத்துக்காரங்க இருக்காங்க, அவங்க கொழந்தை ஒண்ணுகூட வரல. தண்ணி ஒரே கொழாய்த் தண்ணி. இது எனக்கு மண்டையக் கொடையுது. நெஜமாவே தாய்ப்பாலத் தவிர வேற எதுவும் குடுக்கலயா?"

"சத்தியமா இல்ல மேடம்."

ஜுலைகா குழந்தையின் உதட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "உரைமருந்து?" என்றாள்.

"அது மருந்தாச்சே மேடம்! அதப் போயி ஆகாரத்துல சேக்கறீங்களே!"

அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தமிழச்சி வேண்டியிருந்தது. அத்தனை தாய்மாரும் அதே பதிலைத்தான் நர்ஸிடம் சொல்லியிருப்போம். பொய் சொல்லவில்லை நாங்கள். கோயில் விபூதியை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

"யாரு இழைச்சுக் குடுக்கறது?" என்றாள் ஜுலைகா.

கல்பகம் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான்! எங்க காலனியில அத்தனை கொழந்தைக்கும் நான்தான் குடுக்கறேன். எல்லாம் கும்பகோணத்துச் சாமான், டாக்டர். பாருங்கோ" என்று கூடையிலிருந்து டின்னை எடுத்துத் திறந்தே காட்டிவிட்டார். மூடியைத் திறந்ததும் வசம்பு வாசனையோடு ஈரத்துணியின் முடை நாற்றமும் வந்தது.

ஜுலைகா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்படி இழைப்பது, எதால் துடைப்பது, அடுத்த வீட்டுக்குப் போகும்போது என்ன செய்வது என்று. மாமியும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். துடைக்கிற துணியைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கிற்று. எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்துவிட்டார். ஜுலைகா கையுறை மாட்டிக்கொண்டாள். சின்னக் குச்சியில் பஞ்சு சுற்றிக் கல்லில் ஒரு தேய்ப்பு, துணியில் ஒரு தேய்ப்பு, பாலாடை மூக்கின் உள்பக்கம் ஒரு தேய்ப்பு எடுத்து, தனித்தனிக் குழாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாதான் மேடம் ஆச்சி எங் கொயந்தைக்கி?" என்றாள் விஜயகுமாரி.

"சொல்றேன். வயித்துக்குள்ள ஆயிரம் கிருமி வரும், போகும். இது போற ஜாதி இல்ல. கொழந்தையோட கொடலுக்கு உள்பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? டர்க்கி டவல் இருக்கில்ல, அது மாதிரி நூல்நூலா நிக்கும். அதுதான் தண்ணியையும் சத்தையும் உறிஞ்சும். இந்தக் கிருமி அங்க போயி ஒட்டிக்குது. ஒட்டின எடத்துல அந்த நூலையெல்லாம் மழிச்சு மொட்டையாக்கிடும். அதோட விடல. மைக்ராஸ்கோப்ல எடுத்த படம் பார்த்திருக்கேன். அது ஒக்கார்ற எடத்துல நம்ம கொடலே மேல எழும்பி ஒரு மணை மாதிரி ஆகி நிக்குது. விருந்தாளிக்கு மணை போட்டு ஒக்கார வைப்போமில்ல, அப்படி. அப்புறம் டவல் எங்க தண்ணியை உறிஞ்சும்? குடிச்சதெல்லாம் கீழதான் போகும்."

"அப்ப தண்ணி குடுத்தா தண்ணியாத்தான போவும்? அதுக்குத்தான பெரியவங்க தண்ணி ஆகாதுன்றாங்க?"

"நக்கோ, நக்கோ. அந்தத் தப்பை மட்டும் பண்ணாதீங்க. கொடல் முழுக்க மொட்டையாகிறதில்ல. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து போனா தண்ணியை உறிஞ்சற எடம் இன்னும் மிச்சம் இருக்கும். போறதைவிட உள்ள போறது அதிகமா இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு." ஒரு பொட்டலத்தைப் பிரித்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, ஸ்பூனால் ஊட்டிக் காட்டினாள். "தாய்ப்பாலை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. இந்தக் கிருமியை ஒட்டவிடாமத் தடுக்கற சக்தி ஏதாவது இருக்குன்னா அது தாய்ப்பால்லதான் இருக்கு."

மாமி என் கையைப் பிடித்தார்.

குழந்தை தேறிற்று. ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டி, கக்கினால் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஊட்டி, விஜயகுமாரியும் நானும் மாறி மாறி உட்கார்ந்தோம். சந்திரமோகன் ஷிஃப்ட் முடிந்து நேரே வருவான், பிள்ளையின் உச்சந்தலையைத் தடவிப் பார்ப்பான், கீழே போய் எங்களுக்கு இட்லி வாங்கி வருவான். வீட்டுக்கு அனுப்புகிற அன்று மாமியும் வந்திருந்தார். ஜுலைகா எங்களை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"கல்லுல ஒண்ணும் இல்ல. கடுக்காய், மாசிக்காய் மேலயும் குத்தம் இல்ல. துணியிலயும் பாலாடையிலயும் இருக்கு. கொழந்தை மலத்துல இருந்த அதே கிருமி, அதே வகை" என்றாள். பிறகு மாமியைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டாள். "அம்மா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. எங்கம்மாகூட எனக்கு இழைச்சுக் குடுத்தவங்கதான். ஒரு கொழந்தை வாயிலருந்து, கையிலருந்து துணிக்கு வந்திருக்கு, துணியிலருந்து அடுத்த வீட்டுக்குப் போயிருக்கு. இனிமே வேணாம். வெள்ளியானாலும் கொதிக்க வைக்கணும்."

மாமி நின்றபடியே இருந்தார். திட்டுவாரோ, வாதாடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்க வரிசையில சித்திரையில ஒரு கொழந்தை போயிடுத்து, டாக்டர். ஆம்பளைக் கொழந்தை. அதுக்கும் நான்தான் குடுத்தேன். அதுவும் இதுதானா?"

ஜுலைகா உள்ளே போய்ப் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அந்தக் கொழந்தையோட மலத்தை யாரும் சோதிக்கல. நிச்சயமா நான் சொல்ல முடியாது."

"நிச்சயமா வேண்டாம். உங்க மனசுல என்ன தோண்றது?"

"இதுவாத்தான் இருக்கும்னு தோணுது அம்மா."

"அதுக்குத் தாய்ப்பாலை நிறுத்திட்டா. தண்ணியும் குடுக்கலை."

"யா அல்லா" என்றாள் ஜுலைகா.

அன்றைக்கு எதிர்வீட்டு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. கோடையில் ஜன்னலை மூடி யாரால் இருக்க முடியும்? ஒட்டுக்கேட்டேன் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

"நிரூபணம் இல்லைன்னு அந்த டாக்டரே சொல்லிட்டா. நீ ஏன் போய்த் தலையைக் குடுக்கறே?" இது சாம்பசிவம். "போனது போயாச்சு. இனிமே யாராத்துக்கும் போகாதே, டின்னைத் தூக்கிப் போடு, முடிஞ்சுது. குட்டையைக் கெளறினா நாத்தம்தான் வரும் கல்பகம்."

"அந்தப் பொண்ணைச் சனிக்கிழமை கொண்டு விடப்போறா."

"அது அவா குடும்ப விஷயம்."

"அது எப்படி அவா குடும்ப விஷயம்? அவ பால் வெஷம்னு கொண்டு விடறா. வெஷம் என் டின்னுல இருந்துருக்கு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிடுத்தே, உமக்குப் புரியலையா?"

"புரியறது. அந்த அன்னக்கிளி உன்னைத் தெருவுல நிறுத்தி மண்ணை வாரித் தூத்துவா. ராமச்சந்திரன் யூனியன் ஆள், நாலு பேரைக் கூட்டிண்டு வந்து வாசல்ல நிப்பான். கொலைகாரின்னுவா. இந்தக் காலனியில நாம இன்னும் எத்தனை வருஷம் இருக்கணும்? பசங்க வெளியில போக வேண்டாமா?"

மாமியின் குரல் அதற்கப்புறம் கேட்கவில்லை. சாம்பசிவத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் இருந்தால் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மாமி வெளியே வரவில்லை. தண்ணீர் வந்தது, குடத்தோடு வரவில்லை. சரி, மனுஷி அடங்கிவிட்டார் என்று நினைத்தேன். பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது எனக்கு. கமலம் பாவம்தான், ஆனால் நாம் என்ன செய்ய முடியும் என்று நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வோம் இல்லையா, அது.

சனிக்கிழமை மத்தியானம் கமலம் வீட்டு வாசலில் ரஹீமின் ஆட்டோ வந்து நின்றது. ராமச்சந்திரன் லீவு போட்டிருந்தான். டிரங்குப் பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்தான். அன்னக்கிளி அம்மாள் புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவரும்தான் கூடப் போகிறார், கையோடு தம்பி வீட்டில் பேசிவிட்டு வர. கமலம் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கூடத்தின் மூலையில் நின்றாள். வழியனுப்புகிறேன் பேர்வழி என்று வரிசைப் பெண்கள் வாசலில் கூடியிருந்தோம். விஜயகுமாரி குழந்தையோடு பின்னால் நின்றாள்.

கல்பகம் மாமி வெயிலில் செருப்பில்லாமல் வந்தார். நேரே உள்ளே போனார். சாம்பசிவம் அவருக்குப் பின்னால் பாதி வழி வந்து, எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வாங்க மாமி, நேரமாச்சுங்க, ரயிலுக்குப் போவோணும்" என்றார் அன்னக்கிளி அம்மாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம். நான் சொல்றதைக் கேட்டுட்டுக் கெளம்புங்கோ. ராமச்சந்திரா, நீயும் உள்ளே வா."

மாமி சொன்னார். பேச்சில் எப்போதும் ஊருக்குக் கேட்கிற அந்தக் குரல் அன்றைக்கு வாசற்படியைத் தாண்டவில்லை. துணியைப் பற்றிச் சொன்னார், பாலாடையைப் பற்றிச் சொன்னார், விஜயா குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னார். "உங்க கொழந்தைக்கு அதைச் சோதிக்கலை. அதனால இதுதான்னு டாக்டர் அடிச்சுச் சொல்லலை. ஆனா எனக்குத் தெரியும். என் கையாலதான் வந்திருக்கு. தெரியாமப் பண்ணினேன். தெரியாமன்னு சொல்லித் தப்பிச்சுக்க வரலை. பெத்தவ மேல பழி இருக்கக்கூடாது, அதுக்குத்தான் வந்தேன்."

அன்னக்கிளி அம்மாள் பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"அடிப்பாவி! எங்கூட்டுக் கொலத்தக் கருவறுத்துப்போட்டு இப்ப வந்து கதையா சொல்ற? உன் வெள்ளிப் பாலாடையில எங் கண்ணுக்கு வெசத்தப் பொகட்டுனியா? நீ நல்லா இருப்பியா? உம் புள்ளைங்க நல்லா இருக்குமா?"

கையை ஓங்கிக்கொண்டே போனார். ராமச்சந்திரன் குறுக்கே வந்து பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் ரத்தமில்லை. மாமி நகரவில்லை, தடுக்கவும் இல்லை. பிள்ளைகளைச் சொன்னபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காக என்று கேட்டால் அந்த நேரத்தில் சொல்லத் தெரிந்திருக்காது.

"போதுமுங்க" என்று ஒரு சத்தம் கேட்டது.

கமலம்தான். மூலையிலிருந்து வெளியே வந்திருந்தாள். அவள் குரலை நாங்கள் சித்திரையிலிருந்து கேட்டதில்லை. அன்னக்கிளி அம்மாளே பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கமலம் கல்பகம் மாமியின் பக்கம் திரும்பவே இல்லை. கோபமா, மன்னிப்பா, ஒன்றையும் காட்டவில்லை. மாமி அங்கே நிற்பதே அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. நேரே மாமியார் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையாலும் மாரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடீன்னா எம் பாலு நல்ல பாலுதானுங்களா அத்தை?"

அன்னக்கிளி அம்மாள் மகனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வெளியே ரஹீம் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"அதென்னமோ போ. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? வண்டிக்கு நேரமாகுது."

"வண்டி போவட்டும்" என்றாள் கமலம். "சொல்லுங்க அத்தை. அன்னைக்கு வூடு வூடாப் போயிச் சொன்னீங்கல்ல. அதே வாயில சொல்லுங்க."